அந்த போட் ஏன் நிற்கவில்லை

கண்ணு, இதை ஆஸ்பத்திரியில் இரண்டு பேஷன்ட்டுக்கு நடுவில் படிக்காதே. வீட்டுக்குப் போய், குளித்துச் சாப்பிட்டு, போனைத் தூர வைத்துவிட்டு உட்கார்ந்து படி. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அத்தனை வருஷம் இழுத்துக்கொண்டு போனதில் அவ்வளவுதான் மிச்சம். பரவாயில்லை, மெதுவாகவே படி. சீக்கிரம் முடியட்டும் என்று காவ்யாவைப் படித்துக் காட்டச் சொல்லாதே. அடுத்த மாதம் நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் என்றாலும் இதை முதலில் நீ தனியாகப் படிக்க வேண்டும். பிறகு அவளிடம் கொடு. அதற்கும் பிறகு, நீ சரி என்றால், இதை அப்படியே நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போடச் சொல்லப் போகிறேன். பொய்யை நம் ஊர் சுகர் லேண்ட் முழுக்கச் சொன்னவள் உண்மையை மட்டும் உன் காதோடு சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை.

போன வாரம் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃபை உனக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன் அல்லவா? மணமகன் என்று போட்டு, உன் பெயருக்குக் கீழே எம்.டி., அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் யு.எஸ்.ஏ. என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். நம் ஊர்ப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே படிப்பும் படித்த நாடும் இல்லாவிட்டால் மாப்பிள்ளைக்கு ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார்கள். கை தானாக எழுதிவிட்டது. நீ பதிலுக்கு இரண்டே வார்த்தை அனுப்பினாய். "ஸ்டில், அம்மா?" கோபமாக நாலு வரி எழுதியிருந்தால் நான் எட்டு வரி எழுதிச் சண்டை போட்டிருப்பேன். இரண்டு வார்த்தையோடு எப்படிச் சண்டை போடுவது? உடனே அச்சகத்துக்குப் போன் பண்ணி, யு.எஸ்.ஏ.வை எடுத்துவிட்டு டொமினிக்கா என்று போடுங்கள் என்றேன். "டொமினிக்கன் ரிபப்ளிக் தானுங்க மேடம்? பாதிதான் எழுதியிருக்கீங்க" என்றார் அந்த ஆள். இல்லை ஐயா, அது வேற நாடு, இது வேற தீவு என்று அவருக்கு ஒரு பூகோளப் பாடமே எடுத்தேன். பத்திரிகை இப்போது சரியாக இருக்கிறது. ஆனால் சரி பண்ண வேண்டியது அதுவல்ல. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உனக்கு இங்கே எந்த மெடிக்கல் ஸ்கூலிலும் இடம் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் அப்ளை பண்ணினாய். சாந்தி ஆன்ட்டியின் மகன் ஹைஸ்கூல் முடிக்கும்போதே டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினான். நீ கரீபியன் கடலில் டொமினிக்கா தீவுக் காலேஜில் சேர்ந்தாய். ஒரு பாட்லக் விருந்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாந்தி, "தம்பி எங்க சேர்ந்திருக்கான்?" என்று கேட்டபோது என் வாயில், "ஃப்ளோரிடா பக்கம்" என்று வந்துவிட்டது. பக்கம்! நம் மொழியில் எவ்வளவு வசதியான சொல் பார். பொள்ளாச்சி பக்கம் என்றால் அது உடுமலைப்பேட்டையாகவும் இருக்கலாம், ஆனைமலையாகவும் இருக்கலாம். நீ அதைக் கேட்டுவிட்டு காரில் வரும்போது விழுந்து விழுந்து சிரித்தாய். "அம்மா, இட்ஸ் லைக் ஆயிரம் மைலுக்கு மேல!" என்றாய். சிரித்தாய்தான். ஆனால் அன்றைக்கு அப்புறம் சுகர் லேண்டில் எந்த பார்ட்டிக்கும் நீ எங்களோடு வரவில்லை. நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

படிப்பில் சேர்ந்ததும் உனக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒயிட் கோட் விழாவுக்கு நாங்கள் வந்தபோதுகூட ஊரில் எல்லோரிடமும் க்ரூஸ் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்காத க்ரூஸ்! அப்பாவுக்குப் பூப்போட்ட சட்டை மாட்டி, தென்னை மரத்தடியில் நிற்க வைத்து போட்டோ எடுத்துப் போட்டேன். அந்த மரங்கள் மிஸ் வெர்னா வீட்டுக்கு எதிரே இருந்தவை. நீ காலேஜ் ஹாஸ்டல் வேண்டாம் என்று அந்த மீன்பிடிக் கிராமத்தில் அவள் வீட்டு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தாய். அவள் வாசல், அப்புறம் ரோடு, அப்புறம் வரிசையாகத் தென்னை, அப்புறம் கறுப்பு மணல், அப்புறம்தான் கடல். மணல் கறுப்பாக இருப்பதைப் பார்த்து நான் முகம் சுளித்தேன். மிஸ் வெர்னா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் அடுப்படியில் சேப்பங்கிழங்கு இருந்தது! அவள் அதை வெறுமனே வேகவைத்து வைத்திருந்தாள். நான் மிளகாய்த்தூள் போட்டு வறுத்துக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய அவள் இரண்டு தட்டு தின்றாள். எனக்கு அந்தப் பெண்ணை அன்றைக்கே பிடித்துவிட்டது. அப்படிப் பிடித்தும், ஊருக்கு வந்து அவளைப் பற்றி ஒருத்தரிடமும் நான் மூச்சு விடவில்லை.

இனி உனக்குத் தெரியாதது.

ஹார்வி புயல் வந்து நம் ஹூஸ்டனையே தண்ணீரில் முக்கியெடுத்த வருஷம் அது. நம் தெருவில் தண்ணீர் கராஜ் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ஆனால் நமக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் சோபா, கார்ப்பெட், ஆல்பம் எல்லாம் நனைந்து தெருவோரத்தில் கிடந்தன. கோயில் ஹாலில் தினமும் சாயங்காலம் கூடி, டவல், சோப்பு, அரிசி என்று பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தோம். அது முடிவதற்குள் இர்மா ஃப்ளோரிடாவில் அடித்தது. அது முடிவதற்குள், ஒரு திங்கட்கிழமை, மரியா உன் தீவின் மேலேயே ஏறி இறங்கியது. உன் கடைசி மெசேஜ், "விண்ட் பிக்கிங் அப். லவ் யூ." அதற்கப்புறம் ஒன்றுமில்லை. டிவியில் டொமினிக்கன் ரிபப்ளிக் என்று எழுத்து ஓடியது. மழை பெய்கிறது, ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அட, இவ்வளவுதானா என்று நான் எழுந்துபோய்க் காபி போட்டேன். அது உன் தீவே இல்லை என்று அப்பாதான் வந்து சொன்னார். பெயரை மாற்றிச் சொல்லி ஊரை நான் ஏமாற்றலாம் என்று பார்த்தால், அந்தப் பெயர் என்னையே ஏமாற்றியது. உன் தீவைக் காட்டியபோது மலையில் ஒரு பச்சை இலை இல்லை.

செவ்வாய், புதன், உன் குரல் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் ஹாலுக்குப் போனோம். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று போனோம். செல்வராஜ் அங்கிளை உனக்குத் தெரியும், கப்பல்களுக்குச் சாமான் ஏற்றி அனுப்பும் வேலையில் இருந்தவர். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஹால் நடுவில் வந்து நின்றார். "டொமினிக்காவுக்குப் பக்கத்துத் தீவுல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் போட் வச்சிருக்காரு. தண்ணி, மருந்து எல்லாம் ஏத்திக்கிட்டு நாளைக்குக் காலையில அங்க கெளம்புறாரு. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அங்க இருந்தா பேரும் கிராமமும் குடுங்க. பேரு இருந்தா அந்தக் கரையில நிறுத்தி ஏத்திக்கிட்டு வருவாரு. பேரு இல்லாம ஒவ்வொரு கரையா நிறுத்த முடியாதுங்க" என்றார்.

கண்ணு, நான் அவருக்கு ஆறடி தூரத்தில் நின்றேன். உன் பெயர் என் நாக்கின் நுனியில் இருந்தது. அந்த நேரம் பார்த்து சாந்தி என் கையைப் பிடித்து, "அக்கா, இர்மா அந்தப் பக்கம்தானே போச்சு, தம்பி எப்படி இருக்கான்?" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள், பாவம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா இருக்கான் சாந்தி. நேத்துக்கூடப் பேசுனான்."

நீ உயிரோடு இருக்கிறாயா என்றே எனக்குத் தெரியாது. நேற்றுப் பேசினான் என்றேன்.

அப்பா எனக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். காலேஜ் கட்டடம் கெட்டியானது, பையன் அங்கேதான் இருப்பான், காலேஜ்காரர்களே பத்திரமாக அழைத்துக்கொண்டு வருவார்கள், மூன்று வருஷம் காப்பாற்றியதை இன்றைக்கு ஏன் இத்தனை பேர் நடுவில் உடைக்க வேண்டும் என்று என் மனசு கணக்குப் போட்டது. அதைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பயமில்லை, வீம்பு. அப்பா டேப்பைக் கீழே வைத்துவிட்டு காருக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காலேஜிலிருந்து போன் வந்தது. வளாகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் லிஸ்டில் உன் பெயர் இல்லை, உன் கிராமத்துக்குப் போகிற ரோடே இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அப்பா சாவியை எடுத்தார். செல்வராஜ் அங்கிள் வீட்டு வாசலில் நான் காரை விட்டு இறங்கவில்லை. கால் வரவில்லை என்று சொன்னேன், அதுவும் பொய். அப்பாதான் போய், "என் பையன் அங்க இருக்கானுங்க" என்றார். கண்ணாடி வழியாக அங்கிளின் முகத்தைப் பார்த்தேன். "ஏனுங்க, இதை நேத்தே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். போட் காலையிலேயே போயிருந்தது. அந்த வாக்கியத்தை அவர் இன்று வரைக்கும் முடிக்கவில்லை, ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவும் இல்லை. நல்ல மனுஷன். அடுத்த நடை திங்கட்கிழமை. அதில் உன் பெயரும் கிராமத்தின் பெயரும் இருந்தன, போட் உன் கரையில் நின்றது.

நீ வீட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து எத்தனை சாப்பாட்டு மேஜையில் அந்தக் கதையைச் சொல்லியிருப்பாய்! "வெள்ளிக்கிழமை ஒரு போட் வந்துச்சு. சட்டையைக் கழட்டி வேவ் பண்றேன், லைக் ஆன் இடியட். போட்ல இருக்கறவன் திருப்பி எனக்கு வேவ் பண்றான்! அப்படியே போயிட்டான்!" நீ கையை ஆட்டிக் காட்டும்போது எல்லோரும் சிரிப்பார்கள். நான் ரசம் சூடு பண்ணுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விடுவேன். ஒரு தடவை காவ்யா என் பின்னாலேயே வந்து, "ஆன்ட்டி, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். ரசத்துக்கு எதற்கு வெங்காயம் என்று அவள் கேட்கவில்லை. கெட்டிக்காரப் பெண், பத்திரமாக வைத்துக்கொள்.

அந்த போட் ஏன் நிற்கவில்லை என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. அதனால் நிற்கவில்லை.

அது உன்னோடு முடிந்திருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். புதன்கிழமை மிஸ் வெர்னா கூரைத் தகரத்தில் இருந்த ஆணியை மிதித்தாள். நீ சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டாய். உன்னிடம் மருந்து இல்லை. திங்கட்கிழமை நீ அவளையும் தூக்கி அந்த போட்டில் ஏற்றினாய். பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். நான் இங்கே ஒரு மருந்துக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஆன்டிபயாட்டிக் பாட்டில் நிரப்புகிறவள். மருந்தில்லாமல் மூன்று நாள் என்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன டிசம்பரில் நீ எங்களை மறுபடி அங்கே கூட்டிக்கொண்டு போனாயே, என் முகம் ஏன் அப்படி இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். ஜெட்லாக் என்றேன். இரண்டே இரண்டு மணி நேர வித்தியாசத்துக்கு என்ன ஜெட்லாக்! நான் அந்தக் கரையைத் தேடினேன். தென்னை ஒன்றுகூட இல்லை. கறுப்பு மணலும் இல்லை, பெரிய பெரிய உருண்டைக் கல்தான். ரோடு இருந்த இடத்தில் தண்ணீர். மிஸ் வெர்னாவின் வாசல்படிக்கு நேர் கீழே அலை வந்து போனது. கொஞ்சம் தள்ளி, ஆறு கடலில் சேரும் இடத்தில், மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் சேர்ந்து முன்பு இல்லாத ஒரு நிலமே உண்டாகியிருந்தது. அதில் பசங்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். நம் கால்வெஸ்டன் கடற்கரை நினைவுக்கு வந்தது. நீ சின்னவனாக இருந்தபோது கோடைக்குக் கோடை இரண்டாவது வரிசையில் ஒரு வீடு எடுப்போமே, இப்போது அது முதல் வரிசை வீடு, கடலைப் பார்த்த வீடு என்று விளம்பரம் போடுகிறார்கள். வீடு நகரவில்லை, முன்னால் இருந்த வரிசைதான் போய்விட்டது. அங்கே வருஷா வருஷம் லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டிக் கரையைக் காப்பாற்றுகிறார்கள். மிஸ் வெர்னா கரைக்கு யார் மணல் கொண்டுவந்து கொட்டுவார்கள்? அவள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "யுவர் பாய் சேவ் மை ஃபுட்" என்றாள். உன் பையன் இல்லையென்றால் கால் முழுக்கப் போயிருக்கும் என்றாள். நான் அந்தக் கட்டிக்கொள்ளலை வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய்.

அந்த நாட்கள்தான் உன்னை டாக்டர் ஆக்கின என்று நீ இன்டர்வியூவில் எல்லாம் சொல்வாய். உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அதை என் கணக்கில் வரவு வைத்துவிடாதே. நல்லது அவள் காலிலிருந்தும் உன் கையிலிருந்தும் வந்தது. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டிருந்தது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள், ஆனால் இதை மட்டும் வாங்கிக்கொள். காவ்யாவிடம் ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டாய் என்றால் அன்றைக்கே, சோறு ஆறுவதற்குள் சொல்லிவிடு. ஒரு வாரம் போனால் அதைக் காப்பாற்ற வேறொன்று தேவைப்படும். அப்புறம் உன் வீட்டு மனுஷர்களையே அதற்குக் காவல் வைப்பாய். நான் அப்பாவை வைத்தேன். எட்டு வருஷமாக அவர் உன்னிடம் இதைச் சொல்லாமல் இருந்ததற்கு அவர்மேல் கோபப்படாதே. "நான் சொன்னா அது கோள். நீ சொன்னாத்தான் அது உண்மை" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதைவிட அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நீ "ஸ்டில், அம்மா?" என்று கேட்ட மறுநாள் காலையில் மிஸ் வெர்னாவுக்குப் போன் பண்ணினேன். பாதி இங்கிலீஷும் பாதி அழுகையுமாக எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது, அவ்வளவு பக்கத்தில். அப்புறம் கேட்டாள், அந்த முதல் போட் எந்தக் கிழமை என்று. வெள்ளி என்றேன். வெள்ளிக்கிழமை என் விரல்கள் வெறுமனே சிவந்துதான் இருந்தன என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பையனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்போ நான் வர்றதுக்குள்ள சொல்லிடு. இதை உள்ள வச்சிருக்கற வீட்டுல உக்காந்து நான் சாப்பிட மாட்டேன்" என்கிற அர்த்தத்தில் அவள் மொழியில் சொன்னாள். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றாள். ஃப்ளைட் நம்பரையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள்.

அவள் வரும் அன்றைக்கு ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும் ட்ரைவ் பண்ணிப் போகிறேன். ஃப்ரீவேயில் அம்மா எப்படி ஓட்டுவாள் என்று நீ பயப்படாதே, இந்த வயசில் அதையும் பார்த்துக்கொள்கிறேன். கோயில் ஹாலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் சாந்தியிடம் நானே அறிமுகம் பண்ணி வைப்பேன். யார் இவர் என்று கேட்பாள். முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொல்வேன்.

மேடையில் உன் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்பதை நீ முடிவு பண்ணு. அப்பா மட்டும் நிற்கட்டும் என்றால் நான் முதல் வரிசையில் மிஸ் வெர்னாவோடு உட்கார்ந்துகொள்கிறேன், முகம் வாடாமல் உட்கார்ந்திருப்பேன், சத்தியம். மன்னிப்புக் கேட்கிறேன் சாமி. கொடு என்று கேட்கவில்லை, என் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டேன். உன்மேல் எனக்கு எப்போதும் பெருமைதான். அதை ஊருக்கு முன்னால் சொல்லத்தான் தைரியம் இல்லாமல் போயிற்று.

ஒன்றே ஒன்று. மெசேஜ் அனுப்பாதே, போன் பண்ணு. திட்டு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, நான் குறுக்கே பேச மாட்டேன். அந்தப் புயல் வாரம் பூஜை அறையில் நான் வேறெதுவும் கேட்கவில்லை. அவன் குரல் ஒரு தடவை கேட்டால் போதும், அவன் என்ன சொன்னாலும் சரி என்றுதான் கேட்டேன்.